ஸ்டேஷன் வாசலிலேயே முடியக்கூடிய வழக்குகள்

நியூசிலாந்தில் 1989 நவம்பர் 1 அன்று ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. சிறார், இளையோர், அவர்கள் குடும்பத்தினர் ஆகியோரைப் பற்றிய அந்தச் சட்டத்தின் 208ஆம் பிரிவு ஒரு கட்டளையோடு தொடங்கியது: பொதுநலன் கருதித் தவிர்க்க முடியாத நிலை இருந்தால் ஒழிய, ஒரு சிறுவன் செய்த தவறைக் கையாள வேறு வழி இருக்கும்போது அவன்மீது குற்ற வழக்கு தொடரக் கூடாது. வழக்கு போடாமல் விடுவது காவலரின் இரக்கம் என்றிருந்தது மாறி, வழக்கு போடுவதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டும் என்றானது. தவறு செய்த இளம் வயதினரை என்ன செய்வது என்று எந்த நாட்டில் பேச்செடுத்தாலும் இந்தச் சட்டத்தின் பெயர் வந்துவிடுகிறது.

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு பெரிய மனக்குமுறல் இருந்தது. அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் பிள்ளைகளே அரசு விடுதிகளிலும் சிறார் நீதிமன்றங்களிலும் நிறைந்திருந்தார்கள். ஜான் ரங்கிஹாவ் தலைமையிலான ஆலோசனைக் குழுவின் அறிக்கை 1986இல் வெளியானது. சமூகநலத் துறையின் நடைமுறைகளுக்குள்ளேயே இனப்பாகுபாடு ஊறிப்போயிருக்கிறது, பிள்ளையின் தலைவிதியை முடிவு செய்யும் இடத்தில் அவன் குடும்பத்துக்கும் குலத்துக்கும் இடமே இல்லை என்று அது வெளிப்படையாகச் சொன்னது. 1989இல் வந்த சட்டம் அந்த இடத்தைக் கொடுத்தது. அதன் பெயர் குடும்பக் கூட்டம்.

கூட்டம் எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் இதன் கனம் புரியும். ஒரு சமூகக் கூடத்திலோ மாவோரிகளின் பொது மண்டபத்திலோ நாற்காலிகளை வட்டமாகப் போடுகிறார்கள். சிறுவன், அவன் பெற்றோர், தாத்தா பாட்டி, சித்தப்பா, அத்தை, சிலசமயம் கால்பந்துப் பயிற்சியாளர் என்று அவன்பக்கம் பலர் வருகிறார்கள். பொருளைப் பறிகொடுத்தவர் தனக்குத் துணையாக ஒருவரைக் கூட்டிவரலாம். சிறார் உதவிப் பிரிவின் காவலர் ஒருவரும், கூட்டத்தை நடத்தும் அரசு ஒருங்கிணைப்பாளரும் இருப்பார்கள். குடும்பம் விரும்பினால் முதலில் பிரார்த்தனை. பிறகு நடந்தது என்ன என்பதைக் காவலர் வாசிக்கிறார். "இது உண்மையா?" என்று சிறுவனிடம் கேட்கப்படுகிறது. அவன் மறுத்தால் தண்டனை பற்றிய பேச்சுக்கே இடமில்லை. வழக்கை நடத்துவதா கைவிடுவதா என்பது காவல்துறையின் பாடு. ஒப்புக்கொண்டால் அடுத்துப் பேசுபவர் பாதிக்கப்பட்டவர். கடையை உடைத்த இரவிலிருந்து தூக்கம் வரவில்லை என்பதை, காப்பீட்டில் வராத தொகை எவ்வளவு என்பதை அவன் முகத்தைப் பார்த்தே சொல்கிறார்.

பிறகு குடும்பத்தாரைத் தவிர மற்ற எல்லோரும் அறையை விட்டு வெளியேறுகிறார்கள். இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இதுதான். அரசின் ஆட்கள் வெளியே காத்திருக்க, உள்ளே அழுகையும் கோபமும் பழைய குடும்பக் கணக்குகளுமாகப் பேசி, ஒரு திட்டத்தோடு வெளியே வருகிறார்கள். யாரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது, எத்தனை மணி நேரம் உழைத்து இழப்பை ஈடுசெய்வது, இரவு எத்தனை மணிக்குள் வீடு திரும்புவது, பள்ளியில் மறுபடி யார் கொண்டுபோய் விடுவது, இதையெல்லாம் எந்த மாமா கண்காணிப்பது. கூட்டம் அந்தத் திட்டத்தை ஏற்று, சிறுவனும் அதை நிறைவேற்றிவிட்டால் விவகாரம் அதோடு முடிந்தது. நீதிமன்றம்வரை போன வழக்கிலும், 282ஆம் பிரிவின்படி அந்தக் குற்றச்சாட்டே சுமத்தப்படாததுபோல நீதிபதி விடுவிக்க முடியும். கொலை போன்ற மிகக் கடுமையான வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்குப் போகின்றன.

நியூசிலாந்தைப் பாராட்டுபவர்கள் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. காவலர் கண்ணில் படும் சிறாரில் நான்கில் மூன்று பங்கினருக்கும் மேல் குடும்பக் கூட்டம்வரைகூடப் போவதில்லை. ஓர் எச்சரிக்கை, அல்லது காவலரே வீட்டுக்குப் போய்ப் பெற்றோரோடு பேசி ஏற்பாடு செய்யும் மன்னிப்பு, சிறு உழைப்பு. அவ்வளவுதான். கூட்டம் என்ற பெரிய ஏற்பாடு பெரிய தவறுகளுக்காகக் காத்திருக்கிறது. அந்நாட்டின் வெற்றியில் பெரும் பங்கு இந்த அடக்கத்துக்கே உரியது என்று சொல்ல வேண்டும்.

ஒரு பையனைச் சும்மா எச்சரித்து அனுப்பினால் துணிச்சல்தானே வளரும் என்பது நியாயமான கேள்வி. அதற்கான பதிலின் ஒரு பகுதியும் நியூசிலாந்திலிருந்தே கிடைக்கிறது. டனீடன் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 குழந்தைகளை ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டாகத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அந்தத் தரவுகளோடு பணியாற்றிய உளவியலாளர் டெரி மோஃபிட் 1993இல் ஒரு வேறுபாட்டைச் சுட்டினார். சட்டத்தை மீறும் இளையோரில் பெரும்பாலோருக்கு அது பதின்ம வயதோடு வந்து, வேலை, திருமணம் என்று வாழ்க்கை நிலைபெறும்போது போய்விடுகிறது. சிறுவயதிலேயே தொடங்கி நடுவயதுவரை நீடிப்பவர்கள் மிகச் சிலர். அப்படியானால் பெரும்பாலோர் விஷயத்தில் அரசு செய்ய வேண்டிய முதல் வேலை, தானாக வடியக்கூடிய வெள்ளத்துக்குக் குறுக்கே அணை கட்டாமல் இருப்பது.

வழக்கு அப்படி ஓர் அணையாகிறதா? ஸ்காட்லாந்தில் இதை நேரடியாகவே பார்த்தார்கள். 1998இல் எடின்பரோவில் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்த சுமார் 4,300 பிள்ளைகளை லெஸ்லி மக்காராவும் சூசன் மக்வீயும் பின்தொடர்ந்தார்கள். ஒரே அளவு தவறு செய்த பிள்ளைகளை ஒப்பிட்டபோது, சிறார் நீதி அமைப்புக்குள் ஆழமாக இழுக்கப்பட்டவர்கள் திருந்துவதற்குத்தான் அதிக காலம் பிடித்தது. இன்னொன்றையும் கண்டார்கள். ஒருமுறை காவலர் ஏட்டில் பெயர் ஏறிய பையன், அடுத்த முறை எங்கே எது நடந்தாலும் முதலில் தேடப்படுகிறான். நம் ஊர்ப் பேட்டைகளில் வளர்ந்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. தெருவில் சைக்கிள் காணாமல் போனால் எந்த வீட்டுக் கதவு முதலில் தட்டப்படும் என்று எல்லோருக்கும் தெரியும்.

2010இல் ஆந்தனி பெட்ரோசினோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் இன்னும் பெரிய கணக்கைப் போட்டார்கள். 35 ஆண்டுகளில் நடந்த 29 பரிசோதனைகள், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சிறார். சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல ஒரு சாராரை வழக்கமான நடைமுறைக்கும் மறுசாராரை வேறு வழிகளுக்கும் அனுப்பிப் பார்த்த பரிசோதனைகள் அவை. வழக்கு நடைமுறை மறுபடி குற்றம் செய்வதைக் குறைக்கவில்லை. மொத்தத்தில் பார்த்தால் சற்றே கூட்டியது. ஆலோசனையோ படிப்பு உதவியோ சேர்த்துக் கொடுத்து அனுப்பப்பட்டவர்களின் நிலை இன்னும் மேலாக இருந்தது.

ஆனால் மாற்றுவழி என்ற பெயரில் வருவதெல்லாம் நல்லதல்ல. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் ராவே சிறையில் 1970களில் ஒரு திட்டம் நடந்தது. ஆயுள் கைதிகளின் முன்னால் சிறுவர்களைக் கொண்டுபோய் நிறுத்தி, அவர்கள் கத்திப் பயமுறுத்துவதைக் கேட்கவைப்பது. அதைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் விருது வாங்கியது. பல மாநிலங்கள் அந்தத் திட்டத்தை அப்படியே பின்பற்றின. பின்னால் ஒன்பது பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்த உண்மை வேதனையானது. பயமுறுத்தப்பட்ட பிள்ளைகள், எதுவுமே செய்யாமல் விடப்பட்டவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்தார்கள். சிறுவர்களைச் சிறைக்கு அழைத்துப்போய்க் காட்டினால் புத்தி வரும் என்ற யோசனை இன்றும் நம்மிடையே வந்துகொண்டே இருக்கிறது. அதைச் சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு விதமான தோல்வி இதைவிட நுட்பமானது. 1967இல் அமெரிக்க அதிபர் நியமித்த குற்ற ஆணையம், நீதிமன்றத்துக்குப் பதில் சிறாரை அனுப்ப உள்ளூர்ச் சேவை மையங்களைத் தொடங்கச் சொன்னது. மையங்கள் வந்தன. ஆனால் அவற்றை நிரப்பியவர்களில் பலர், முன்பாயிருந்தால் காவலர் காதைத் திருகி வீட்டுக்கு அனுப்பியிருக்கக்கூடிய பிள்ளைகள். நீதிமன்றத்தின் வரிசை குறையவில்லை. புதிதாக ஒரு வரிசை சேர்ந்தது. மாற்றுத் திட்டம் எதையும் மதிப்பிடும்போது, அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேட்பது போதாது. அது இல்லாவிட்டால் அவர்கள் எங்கே போயிருப்பார்கள் என்று கேட்க வேண்டும்.

இலக்கு எப்படி வலையை விரிக்கும் என்பதற்கு இங்கிலாந்தைவிட நல்ல சான்று கிடைக்காது. 1998இல் வந்த சட்டம் காவலர் கையைக் கட்டிப்போட்டது: முதல் தவறுக்குக் கண்டிப்பு, இரண்டாவதற்கு இறுதி எச்சரிக்கை, மூன்றாவது என்றால் நீதிமன்றம். தவறு எவ்வளவு சிறியது என்பதற்கு அதில் பெரிய மதிப்பில்லை. அதற்குமேல், 2007–08க்குள் ஆண்டுக்கு 12.5 லட்சம் குற்றங்களை நீதியின் முன் நிறுத்த வேண்டும் என்று அரசு இலக்கு வைத்தது. எண்ணிக்கையைக் காட்ட வேண்டிய காவலருக்கு எளிதில் கிடைப்பவர்கள் யார்? பள்ளி மைதானத்தில் அடித்துக்கொண்ட பையன்கள், கடையில் உதட்டுச் சாயம் எடுத்த சிறுமிகள். 2006–07இல் முதல்முறையாகக் குற்றப் பதிவுக்குள் வந்த சிறாரின் எண்ணிக்கை 1,10,000ஐத் தொட்டது. இலக்கைக் கைவிட்டு, முதல்முறைப் பதிவுகளைக் குறைப்பதே குறிக்கோள் என்று அரசு மாற்றியதும் எண்ணிக்கை சரியத் தொடங்கியது. பதினைந்து ஆண்டுகளில் அது பத்தாயிரத்துக்கும் கீழே வந்தது. 2008 வாக்கில் சுமார் 3,000 பேர் இருந்த சிறார் காவலில் இப்போது 500 பேருக்கும் குறைவு. கத்திக்குத்து பற்றிய கவலை இடையில் தலைதூக்கியது உண்மை. ஆனால் வழக்கைக் குறைத்ததால் சிறார் குற்றம் பெருகவில்லை.

கனடாவும் ஏறக்குறைய இதே பாதையில் போனது. 2003 ஏப்ரலில் வந்த இளையோர் குற்றவியல் நீதிச் சட்டம், குற்றச்சாட்டுப் பதிவதற்கு முன் வேறு வழி போதுமா என்று காவலர் யோசித்தே ஆக வேண்டும் என்றது. முன்பு பிடிபட்டவர்களில் பாதிக்கும் மேல் வழக்குக்குப் போனார்கள். அதன்பிறகு பாதிக்கும் குறைவாகவே போகிறார்கள்.

சட்டம் மாறாமலே காரியம் நடந்த ஊரும் உண்டு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரப் பள்ளிகளில் 2013–14 கல்வியாண்டில் சுமார் 1,600 மாணவர்கள் கைதானார்கள். சின்ன அடிதடி, பையில் இருந்த சிறு கத்தி, கொஞ்சம் கஞ்சா. பத்து வயதுப் பிள்ளைக்கும் கைவிலங்கு. அப்போது காவல் துணை ஆணையராக இருந்த கெவின் பெத்தல், இந்தச் சிறு தவறுகளுக்கு முதல்முறை கைது கிடையாது என்று 2014இல் நடைமுறையை மாற்றினார். கைதுக்குப் பதில் மூன்று நாளுக்குள் ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்குப் போவார். வீட்டில் சோறு இருக்கிறதா, அப்பா எங்கே, பிள்ளை ஏன் பையில் கத்தி வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறான் என்று கேட்பார். பதில்கள் பெரும்பாலும் போகும் வழியில் உள்ள பயத்தைப் பற்றியவை. ஐந்து ஆண்டுகளில் பள்ளிக் கைதுகள் 84 சதவீதம் குறைந்தன. பெத்தல் 2024இல் அந்நகரக் காவல் ஆணையராகவே வந்தார்.

பாதிக்கப்பட்டவரின் கணக்கைப் போடாமல் இந்தப் பேச்சு முடியாது. சிறுவனுக்கு மறுவாழ்வு கொடுக்கிறேன் என்று கைப்பை பறிகொடுத்த பெண்ணை மறந்துவிட்டால் அது நீதியே அல்ல. இந்தச் சிந்தனையின் தொடக்கமே அவரோடுதான். 1974இல் கனடாவின் எல்மிரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 பேரின் வீடு, கார், கடைகளைச் சேதப்படுத்தினார்கள். நன்னடத்தை அலுவலர் மார்க் யான்ட்சி, இவர்கள் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பாதிக்கப்பட்டவர்களை நேரில் பார்த்தால் என்ன என்று கேட்டார். முதலில் தயங்கிய நீதிபதி பிறகு ஒரு மாத அவகாசம் கொடுத்தார். இளைஞர்கள் கதவு கதவாகத் தட்டி, தாங்கள்தான் என்று சொல்லி, எவ்வளவு இழப்பு என்று எழுதிக்கொண்டு, மாதங்களுக்குள் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் இது வழக்குக்கு மாற்றல்ல. குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு வழக்குக்கு நடுவே நடந்தது. ஆனாலும் பின்னால் வந்த எல்லாத் திட்டங்களுக்கும் அந்தக் கதவுகளே வழி திறந்தன.

நேரில் சந்திக்கவைப்பதால் என்ன கிடைக்கிறது என்பதை ஆஸ்திரேலியாவின் கான்பராவில் 1995 முதல் பரிசோதித்தார்கள். வந்த முடிவு ஒரே சீராக இல்லை. வன்முறையில் ஈடுபட்ட இளைஞர்களிடம் நல்ல பலன்: நூறு பேருக்கு ஆண்டுக்கு 38 குற்றங்கள் குறைந்தன. திருட்டில் ஈடுபட்ட சிறாரிடம் நீதிமன்றத்துக்கும் கூட்டத்துக்கும் பெரிய வேறுபாடில்லை. கடுமையான குற்றத்துக்கு நீதிமன்றம், சில்லறைத் தவறுக்குப் பேச்சுவார்த்தை என்று எல்லோரும் நினைப்பதற்கு இது நேர்மாறு. காயப்பட்ட ஒரு மனிதர் எதிரே உட்காரும்போதுதான் பேச்சுக்கு வலு வருகிறது போலும்.

அவரை உட்காரவைப்பதிலும் பலர் தவறியிருக்கிறார்கள். நியூசிலாந்தின் தொடக்க ஆண்டுகளை ஆராய்ந்த கேப்ரியேல் மாக்ஸ்வெல்லும் ஆலிசன் மாரிஸும், பாதிக்கும் குறைவான கூட்டங்களுக்கே பாதிக்கப்பட்டவர்கள் வந்ததைக் கண்டார்கள். பலருக்கு அழைப்பே போகவில்லை, அல்லது வேலை நேரத்தில் கூட்டம் வைக்கப்பட்டது. வந்தவர்களிலும் ஒரு பகுதியினர் முன்பைவிட நொந்துபோய்த் திரும்பினார்கள். வட அயர்லாந்து 2003இல் தன் இளையோர் கூட்டங்களைத் தொடங்கியபோது இந்தப் பாடத்தைக் கேட்டுக்கொண்டது. அங்கே மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட கூட்டங்களுக்குப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ வந்தார்கள். காரணம், முன்கூட்டியே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசிய அலுவலர்கள்.

இந்த வழிகள் யாருக்குக் கிடைக்கின்றன? இங்கேதான் மனம் கனக்கிறது. இங்கிலாந்தில் சிறார் காவலில் இருப்போர் எண்ணிக்கை சரிந்த அதே பத்தாண்டில், அவர்களில் கறுப்பின, சிறுபான்மை இனச் சிறாரின் பங்கு 25 சதவீதத்திலிருந்து 41 சதவீதமாக ஏறியது. 2017இல் இதை ஆராய்ந்த டேவிட் லாமி ஒரு காரணத்தைச் சுட்டினார். மாற்றுவழி வேண்டுமானால் முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். காவலரை நம்பாத, அரசு கொடுக்கும் வக்கீலையும் நம்பாத பிள்ளை வாயைத் திறப்பதில்லை. அதனால் அவனுக்கு நீதிமன்றம்தான். ஒப்புதல் கேட்காமலே திட்டத்தில் சேர்க்கும் முறையை அவர் பரிந்துரைத்தார். நியூசிலாந்தும் இதிலிருந்து தப்பவில்லை. 2008இல் கிஸ்போர்ன் நகரின் மாவோரி மண்டபத்தில் நீதிபதி ஹீமி தவுமவுனு முதல் ரங்காதாஹி நீதிமன்றத்தை நடத்தினார். முதியோர் பிரார்த்திக்க, சிறுவன் தன் குலவழியைச் சொல்லி அறிமுகமாகும் அமர்வு அது. அப்படியெல்லாம் முயன்றும், இளையோர் நீதிமன்றத்துக்கு வருவோரில் பாதிக்கும் மேல் இன்னும் மாவோரிப் பிள்ளைகள்தான்.

இந்தியச் சட்டம் இவற்றுக்கெல்லாம் பின்தங்கியது என்று யாரும் எண்ண வேண்டாம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், நீதிமன்ற நடவடிக்கைக்கு மாற்றுவழி தேடுவதைத் தன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாகவே எழுதிவைத்திருக்கிறது. 2016இன் மாதிரி விதிகளில் எட்டாவது விதி இன்னும் துணிச்சலானது. கொடுங்குற்றம் என்றாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றம் என்றாலோ தவிர, சிறார்மீது முதல் தகவல் அறிக்கையே பதியக் கூடாது. பொது நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு, பிள்ளையின் குடும்பப் பின்னணியைப் படிவம் 1இல் நிரப்பி, இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். கூடுமானவரை சீருடையில்லாமல் பேச வேண்டும். விலங்கு கூடாது, லாக்கப் கூடாது, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும். ஜாமீன் கொடுப்பதே விதி.

ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்ட குழுமம், 18ஆம் பிரிவின்படி பிள்ளையை அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம். குழு ஆலோசனைக்கோ சமூக சேவைக்கோ அனுப்பலாம். அதிகபட்சம் மூன்றாண்டு தண்டனைக்குரிய சிறு குற்றங்களில், நீட்டிக்கப்பட்ட காலக்கெடுவுக்குள்ளும் விசாரணை முடியவில்லை என்றால் அது தானாகவே முடிந்துவிடும். சாதாரணத் திருட்டும் செல்போன் பறிப்பும் அந்த வகையில்தான் வருகின்றன. டெல்லியில் 2012இல் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு 16 முதல் 18 வயதுக்குட்பட்டோரைப் பெரியவர்களைப்போல விசாரிக்கலாமா என்ற வாதமே எல்லோர் நினைவிலும் நிற்கிறது. ஆண்டுக்குச் சுமார் முப்பதாயிரம் வழக்குகளில் அது தொடுவது ஒரு சிறு பகுதியை. மற்றவர்களுக்காக எழுதப்பட்ட நல்ல விதிகள் பேசப்படுவதே இல்லை.

பேசப்படாததன் விலை என்ன என்று செங்கல்பட்டில் தெரிந்தது. 2022 டிசம்பர் இறுதியில், பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் அங்குள்ள அரசு கூர்நோக்கு இல்லத்தில் சேர்க்கப்பட்டான். சில நாட்களுக்குள் அவன் உயிரோடு இல்லை. அடித்துக் கொன்றதாக இல்லத்தின் ஊழியர் ஆறு பேர் கைதானார்கள். அடுத்த ஆண்டு இல்லங்களைச் சீரமைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவைத் தமிழக அரசு அமைத்தது. இல்லங்களைச் சீரமைக்கத்தான் வேண்டும். ஆனால் பேட்டரித் திருட்டுக்காக ஒரு பிள்ளை அங்கே ஏன் போக நேர்ந்தது என்ற கேள்வி அதற்கு முந்தியது.

வழக்கு போடாமல் விடுவது நம் காவல் நிலையங்களுக்குப் புதிதும் அல்ல. "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று சொல்லி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவது தினமும் நடக்கிறது. கவுன்சிலரைத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு, வக்கீல் சித்தப்பா இருக்கும் பிள்ளைக்கு, நல்ல பள்ளிச் சீருடையில் பிடிபடும் பிள்ளைக்கு அது எளிதாகக் கிடைக்கிறது. பாலத்தடியில் வாழும் பிள்ளைக்குக் கூட்டிவர அப்பா இல்லை. அவன் கூர்நோக்கு இல்லத்துக்குப் போகிறான். சட்டத்தில் எல்லோருக்கும் எழுதப்பட்டிருக்கும் உரிமை, நடைமுறையில் சிலருக்குச் சலுகையாகச் சுருங்கிக் கிடக்கிறது.

குழுமத்தின் முன் வந்தவர்களில் எத்தனை பேர் அறிவுரையோடு வீட்டுக்குப் போனார்கள், எத்தனை பேர் சிறப்பு இல்லத்துக்குப் போனார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. பிடிபட்டவர்களின் படிப்பும் குடும்ப நிலையும்கூட அதில் உண்டு. ஸ்டேஷன் வாசலிலிருந்தே திரும்பிப்போனவர்கள் யார், என்ன வயது, எந்தத் தெரு, எந்தச் சாதி என்ற கணக்கு அதில் இல்லை. இங்கிலாந்தில் லாமியால் பாகுபாட்டைக் கண்டுபிடிக்க முடிந்தது, கணக்கு இருந்ததால். குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒவ்வொருவரும் எச்சரித்து அனுப்பிய பிள்ளைகளைப் பெயரில்லாமல் பதிவு செய்து, மாவட்டவாரியாக ஆண்டுக்கு ஒருமுறை வெளியிட்டால் போதும். எந்தப் பேட்டைப் பிள்ளைக்கு எச்சரிக்கை கிடைக்கிறது, எந்தப் பேட்டைப் பிள்ளைக்குக் கூர்நோக்கு இல்லம் கிடைக்கிறது என்று எல்லோரும் பார்க்கலாம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. படிவம் 1 ஏற்கெனவே ஒவ்வொரு நிலையத்திலும் இருக்க வேண்டிய காகிதம்தான்.